காத்தை நான் தாங்கறேன்

காலை இடிக்குதுங்களா? இருங்க, இப்படித் தள்ளி வெச்சுக்கறேன். சைக்கிளோட முன்சக்கரமுங்க. மீதி சைக்கிள் பார்சல் பெட்டியில வருது. சக்கரத்தை மட்டும் கழட்டி நான் கூடவே வெச்சுக்கிட்டேன். சக்கரமில்லாத சைக்கிளை எவன் திருடுவான், சொல்லுங்க. என் சம்சாரம் இருந்திருந்தா இதையும் பார்சல்லயே போடுங்கன்னு சொல்லியிருப்பா. அவ வரலை.

நீங்க போன்ல தமிழ்ல பேசறதைக் கேட்டதும்தான் எனக்கு உசுரு வந்துச்சு. ஜோத்பூர்ல ஏறினதுல இருந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை. நமக்கு இந்தி வராதுங்க. எந்த ஊரு உங்களுக்கு? திண்டுக்கல்லுங்களா. சரி சரி. நமக்கு கோபிச்செட்டிபாளையம். சென்னியப்பன்னு பேரு. பி.டி. மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன்.

ஆமாங்க, சைக்கிள்லதான். ஜெய்ப்பூர் வரைக்கும் ரயில்ல சைக்கிளைக் கொண்டாந்து, அங்கிருந்து பாலைவனம் வழியா ஜெய்சல்மேர், அப்புறம் பார்மேர், அப்புறம் கட்ச். அங்க உப்பு வெளி ஒண்ணு இருக்குதுல்லங்க, கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளை வெளேர்னு. அது வரைக்கும். நானும் கலாமணியும். கலாமணிங்கறதுதான் என் சம்சாரம். வீட்டு முன்னால மாவு மில்லு வெச்சிருக்கா. அவ மில்லு சுவத்துல ஒரு பழைய காலண்டர், அந்த உப்பு வெளி போட்டோ போட்டது. வருசம் முடிஞ்சும் கழட்ட மாட்டேன்னுட்டா. அதைப் பாத்துத்தான் ஒரு நாள் நான் ஐடியா பண்ணினேன், நாம ஏன் சைக்கிள்லயே அங்க போகக் கூடாதுன்னு. அவ அதை ரெண்டு மூணு வருசமாச் சொல்லிட்டு இருந்தாங்கறது வேற விசயம். சொல்றது வேற, ஐடியா பண்றது வேற.

சைக்கிள் பழக்கினதும் நான்தானுங்க. அவளுக்கு மொழங்கால் வலி. டாக்டர் நடக்கச் சொன்னார், நான் சைக்கிள் ஓட்டச் சொன்னேன். ஸ்கூல் கிரவுண்டுல நான் விசிலை ஊத, அவ சுத்திச் சுத்தி வருவா. பேத்தி எடுக்கற வயசுல கியர் சைக்கிள். ஊரே வேடிக்கை பாத்துச்சு. அவ கண்டுக்கலை. ஒரு வருசத்துல சத்தியமங்கலம் போயிட்டு வர்ற அளவுக்குத் தேறிட்டா. நல்ல ஸ்டூடண்ட். பேச்சுதான் கொஞ்சம் எச்சு. மாவு அரைக்க வர்றவங்ககிட்ட எல்லாம் பேசிப் பேசிப் பழகிருச்சு.

ஜனவரியில கிளம்பியிருக்கணும். குளிரும், காத்தும் கம்மி. நான் பிளானை முழுசாப் போட்டு முடிக்கறதுக்குள்ள மார்ச் வந்துருச்சு. பிளான்னா சும்மா இல்லீங்க. நான் முன்னால, அவ பின்னால. இருபது கிலோமீட்டருக்கு ஒருக்கா நிக்கறது. ஒரு விசில்னா கிளம்பு, ரெண்டு விசில்னா நில்லு. நான் எதுக்கு முன்னாலங்கறீங்களா? முன்னால போறவன் காத்தைக் கிழிச்சிட்டுப் போவான். பின்னால வர்றவங்களுக்குச் சுலுவா இருக்கும். சைக்கிள் ஓட்டறவங்க எல்லாத்துக்கும் இது தெரியும். அப்ப நியாயமாப் பாத்தா சாமானை யாரு தூக்கணும்? "காத்தை நான் தாங்கறேன், சாமானை நீ தாங்கு"ன்னு சொன்னேன். அவ சரிங்கன்னா. டென்ட், ஸ்டவ்வு, ரெண்டு பேர் துணி, தண்ணி கேன் எல்லாம் அவ சைக்கிள்ல. என் சைக்கிள்ல பம்ப்பும் மேப்பும், ரெண்டு தண்ணி பாட்டில். ஒரு சண்டை கிடையாது. ஒரு வாரத்துக்கு மேல அப்படியே வந்தோம்.

அந்த நாள் பொக்ரான்ல இருந்து காலையில கிளம்பினோம். ஜெய்சல்மேருக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் எச்சு. ரோடுன்னா ரோடுங்க, திரும்பறதுக்கே வேலையில்லை. ரெண்டு பக்கமும் மணல், முள்ளு, எருக்கஞ்செடி. தூரத்துல நம்ம பல்லடம் பக்கம் இருக்கற மாதிரியே காத்தாடி. வரிசையா நிக்குது, எல்லாம் மேக்கால பாத்து. காத்தாடி எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கமிருந்துதான் காத்து வரும். நாங்களும் மேக்கால பாத்துத்தான் போறோம். புரியுதுங்களா? மூஞ்சிக்கு நேரா எதிர்க்காத்து. மணலை வாரி ரோட்டு மேல பாம்பு ஓடற மாதிரி விடுது. எட்டு ஒம்பது மணிக்கே வெயில் ஏறிப் போச்சு.

வெயிலைப் பத்தி நான் கவலைப்படலை. கோபியில வெயில் பாக்காதவனா நான்? கிரவுண்டுலயே நின்னவன்.

பாதி தூரம் வர்றதுக்கு முன்னால ரோட்டோரமா நாலஞ்சு வீடு. மண்ணுல வட்டமாக் கட்டி மேல புல்லு வேய்ஞ்சது. முன்னால ஒரு வன்னி மரம். நம்ம கோயில்ல இருக்குமே, அதே வன்னிதான். அது நிழல்ல பொம்பளைங்க மூணு பேரு தண்ணிக் குடத்தோட உக்காந்திருந்தாங்க. எங்களைப் பாத்ததும் கையைக் காட்டறாங்க, வா வான்னு.

பின்னால இருந்து கலாமணி கூப்பிட்டா. "ஏனுங்க, சித்தெ நின்னுட்டுப் போலாமுங்க. பாவம், கூப்பிடறாங்க."

"இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்குது நிக்கறதுக்கு"ன்னேன்.

"ஏழு கிலோமீட்டர் தள்ளி நிழல் இருக்குங்களா?"

"நிழலுக்காக நாம வரலை."

நான் மிதிச்சிட்டே போறேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். அந்த மரத்தடியிலயே நின்னுட்டா. நான் ரெண்டு விசில் அடிக்கவே இல்லீங்க. அடிக்காமயே நின்னுட்டா. இதை என்னன்னு சொல்றது? திரும்பிப் போயிருக்கலாம்தான். ஆனா ஒரு தடவை விட்டுக் கொடுத்தா அப்புறம் ஒவ்வொரு மரத்தடியிலயும் நிக்கணும். வருவா, தானே வரட்டும்னு நான் பாட்டுக்குப் போயிட்டேன்.

அந்த ஏழு கிலோமீட்டர் எப்படிப் போனேன்னு கேக்காதீங்க. காத்து நம்மளைப் பிடிச்சு நிறுத்தி வெச்சுப் பேசற மாதிரி இருந்துச்சு. ஒண்ணாம் கியர்லயும் சைக்கிள் நகர மாட்டேங்குது. ரெண்டு பாட்டிலும் காலி. நிக்க வேண்டிய இடத்துல சரியா நின்னேன். நிழல்னு பாத்தா, ஊர் பேர் போட்ட பச்சைப் பலகை ஒண்ணுதான். அது நிழல் ஒரு ஆள் அகலம் வரும். அதுல உக்காந்துக்கிட்டேன். வெயில் நகர நகர நானும் நகந்துக்கிட்டேன்.

போன் பண்ணியிருக்கலாமேன்னு நினைக்கறீங்க. என் போனும் அவ பையிலதான் இருந்துச்சுங்க. கனமான சாமான் எல்லாம் அவ பையிலதான்.

சரி, திரும்பிப் போயிருந்தா காத்தே தள்ளிக் கொண்டு போய் விட்டிருக்கும். மிதிக்கவே வேண்டியதில்லை. அது எனக்கும் தோணுச்சு. ஆனா வந்த வழியே திரும்பறது டூர்ல கிடையாதுங்க. ஒரு லாரிக்காரன்கூட நிறுத்தி என்னமோ கேட்டான். "டூரிங், டூரிங்"னு சொல்லிக் கட்டை விரலைக் காட்டினேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டான். தண்ணி கேட்டிருக்கலாம். கேட்டா, தண்ணிக்கு வழி பண்ணாம வந்தவன்னு ஆயிருமே.

அப்புறம் ஒரு மாதிரி ஆயிருச்சு. வேர்க்கறது நின்னு போச்சு. அந்த வெயில்ல உடம்பெல்லாம் புல்லரிக்குது, குளுருது. நல்லதுக்குத்தான், உடம்பு வெயிலுக்குப் பழகிருச்சுன்னு நினைச்சேன். எங்கிருந்தோ ஒட்டகம் நாலஞ்சு வந்து என்னைச் சுத்தி நின்னுச்சு. கோணல் மாணலா நின்னுச்சுங்க. லைன்ல நில்லுன்னு சொன்னேன். உயரப்படி நில்லுன்னு சொன்னேன். விசிலை எடுத்து வாயில வெச்சா, உதட்டுல ஒட்டிக்கிச்சு, சத்தம் வரலை. ஒட்டகம் என்னையே பாத்துட்டு அசை போடுது. பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கலாமணி வருவாளா மாட்டாளான்னு மட்டும் ஒரு ரோசனை ஓடிட்டே இருந்துச்சு. வராமயே போயிட்டா என்ன பண்றதுன்னு. அது ஒண்ணுதான்.

ரொம்ப நேரம் கழிச்சு ரோட்டுல ஒரு சைக்கிள் வந்துச்சு. தலையில சேப்பு முக்காடு போட்டுக்கிட்டு, ஆடி அசைஞ்சு, ஆனா நிக்காம வருது. யாரோ ராஜஸ்தான்காரி சைக்கிள் ஓட்டறா, பரவாயில்லையேன்னு நினைச்சேன். பாத்தா இவ. அந்தப் பொம்பளைங்க அவங்க முக்காட்டுத் துணியில ஒண்ணை நனைச்சுத் தலையில கட்டி விட்டிருக்காங்க. அவ்வளவு சாமானையும் வெச்சுக்கிட்டு, முன்னால காத்தைத் தாங்க ஆளில்லாம எப்படித்தான் மிதிச்சாளோ. காத்து அதுக்குள்ள குறைஞ்சிருக்கும்.

சைக்கிளை ஸ்டாண்டுகூடப் போடலை. அப்படியே ரோட்டுல போட்டுட்டு ஓடியாந்தா. நான் "லேட்டு"ன்னேன். அவ காதுல விழலை. தலையில தண்ணியை ஊத்தினா, சட்டைப் பட்டனை எல்லாம் அத்துப் போட்டா, கேன்ல மோர் கொண்டாந்திருந்தா, உப்புப் போட்ட மோர், அதை ஒரு வாய் ஒரு வாயா ஊத்தினா. அப்புறம் எந்திரிச்சுப் போய் நடு ரோட்டுல நின்னு ரெண்டு கையையும் விரிச்சா. எங்க ஊர்ல ஒரு டவுன் பஸ்ஸைக்கூட அவ கை காட்டி நிறுத்தினவ இல்லீங்க. நான்தான் நிறுத்துவேன். ஒரு டிராக்டர் கீச்சுன்னு நின்னுச்சு.

டிராக்டர்காரர் பேரு பெமாராம். அந்த வன்னி மர வீட்டுக்காரரே அவருதான். சந்தைக்குப் போயிட்டு ஆட்டோட திரும்பி வர்றாரு. அவரும் கலாமணியும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு என்னை டிரெய்லர்ல ஏத்தினாங்க. என் சைக்கிளையும் ஏத்தினாங்க. வண்டியில ஏறினா அந்தத் தூரம் கணக்கில வராதுன்னு சொல்லிப் பாத்தேன். அதுவும் வந்த பக்கமே திரும்பிப் போகுது. யாரும் கேக்கலை. ஆட்டுக்கு நடுவுல மல்லாக்கப் படுத்திருக்கேன். ஒரு ஆடு என் ஷூ லேசைத் தின்னுட்டு இருக்கு.

கலாமணி அவ சைக்கிள்ல, ஒரு கையால டிரெய்லரைப் பிடிச்சிட்டே பக்கத்துல வர்றா. அது தப்புங்க, ஓடற வண்டியைப் பிடிச்சிட்டு ஓட்டவே கூடாது. சொல்லலாம்னு பாத்தேன், நாக்கு புரளலை. கண்ணு சொருகுது. அப்பத்தான் அவ அந்த வேலை பண்ணினா. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அவ என் பேரைச் சொன்னதே இல்லீங்க. ரேசன் கடையில கேட்டாக்கூட "பி.டி. மாஸ்டர்"னுதான் சொல்லுவா. "சென்னியப்பா, கண்ணை மூடாத. சென்னியப்பா, என்னைப் பாரு"ன்னு கத்தறா. வாடா போடாங்கற மாதிரி. அத்தனை ஆட்டுக்கு முன்னால. மூஞ்சியெல்லாம் தண்ணியா வழியுது அவளுக்கு. வேர்வைதான். அந்த வெயிலுக்கு யாருக்கும் வேர்க்கும்.

அவங்க வீட்டுல கயித்துக் கட்டில் போட்டு, நனைச்ச சாக்கை மேல போட்டு, பெமாராம் சம்சாரம் விசிறிக்கிட்டே இருந்துச்சு. சுகின்னு பேரு அந்தம்மாவுக்கு. வெயில் தாழ்ந்ததுக்கு அப்புறம்தான் எனக்கு நிதானம் வந்துச்சு. கலாமணி கட்டில்ல பக்கத்துலயே உக்காந்திருந்தா. அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். நாடி பாக்கலாம்னுதான். ரொம்ப நேரம் பாத்தேன். நல்லா அடிச்சுது.

அப்புறம் அவ எந்திரிச்சுப் போய் சுகியம்மாகூட அடுப்படியில உக்காந்துட்டா. கம்பு ரொட்டி தட்டறாங்க. இவ நம்ம ஊர்ப் பேச்சுப் பேசறா, அந்தம்மா அவங்க பேச்சுப் பேசுது. ஒருத்தி பேசறது ஒருத்திக்கு ஒரு அட்சரம் புரியாது. ஆனா மாறி மாறிப் பேசிச் சிரிக்கறாங்க. கம்பை எப்படி அரைக்கறீங்க, கல்லா மில்லான்னு இவ கேட்டிருப்பா, வேறென்ன.

பெமாராம் வந்து உக்காந்ததும் கலாமணி கையைக் காட்டி என்னமோ சொல்றா. என்னைத் தேடி வர்ற வழியில ஒரு பறவையைப் பாத்தாளாம். ஆட்டுக்குட்டி உயரம், நீளக் கழுத்து, தலையில கறுப்பாத் தொப்பி வெச்ச மாதிரி. முள்ளுக்கு நடுவுல அவசரமில்லாம நடந்து போச்சாம். நடந்தே காட்டினா. பெமாராம் பேச்சை நிறுத்திட்டார். "கோடாவண்?"னு கேட்டார், அதுதான் அந்தப் பறவைக்கு அவங்க ஊர்ப் பேராட்ட இருக்குது. எங்க, எந்தப் பக்கம்னு கையாலயே கேக்கறார். இவ காட்டறா. அவர் எந்திரிச்சுப் போய் அந்தப் பக்கமே பாத்துட்டு நின்னார். சுகியம்மா என்கிட்ட விரலை மடக்கிக் காட்டுது, வருசக் கணக்காச்சு அதை நாங்க பாத்துங்கற மாதிரி. எனக்கு நம்பிக்கையில்லீங்க. அதே ரோட்டுலதான் நானும் போனேன், அவளுக்கு முன்னாலயே போனேன். என் கண்ணுல படலை. கொக்கு கிக்கா இருக்கும்.

சாப்பிட்டு முடிச்சதும் கலாமணி கட்டிலுக்குப் பக்கத்துல கீழ உக்காந்தா.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

"ஜெய்ப்பூர்ல இருந்து இத்தனை நாளா நான் உங்க முதுகைத்தானுங்க பாத்துட்டு வந்தேன். பாலைவனத்தை இன்னிக்குத்தான் பாத்தேன்."

வெயில் அவளுக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறியிருக்குன்னு நினைச்சேன்.

"உங்களைக் காணோம்னு வரும்போது பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பயத்துலயும் கண்ணு பாத்துட்டே வந்துச்சுங்க. மணலு எத்தனை நிறம்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"மணல் கலர்தான்"னேன்.

அவ சிரிச்சா. அப்புறம் சொன்னா, "நாளைக்கு உங்களை ஆஸ்பத்திரியில காட்டிட்டு, ஊருக்கு ரயிலேத்தி விட்டர்றேன். நீங்க போங்க. நான் உப்பைப் பாத்துட்டு வர்றேன்."

"தனியாவா?"

"ஆமாங்க."

"உனக்கு வழியில ஏதாச்சும் ஆயிட்டா?"

"இன்னிக்கு ஆச்சுல்லங்க. பாத்துக்கிட்டேன்ல."

"அப்ப மில்லு?"

"மில்லை நீங்க பாத்துக்கங்க."

எனக்கு மிளகாய் அரைச்சா தும்மல் வரும், அது அவளுக்கே தெரியும். இருந்தாலும் ரோசனை பண்ணிப் பாத்தேன். ரெண்டு பேரும் ஊரைப் போட்டுட்டு இத்தனை நாள் சுத்தறது சரியில்லை. ஒருத்தராவது போகணும். அதனால நானே முடிவு பண்ணிச் சொல்லிட்டேன், சரி, நீ போ, நான் போறேன்னு. என் முடிவுதானுங்க அது. பின்னால யாராச்சும் வேற மாதிரிச் சொல்லுவாங்க.

மறுநாள் பெமாராம் அதே டிராக்டர்ல பொக்ரானுக்குக் கொண்டாந்து விட்டார். ஆஸ்பத்திரியில சலைன் ஏத்தினாங்க. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னாராம். டாக்டருங்க எப்பவும் கொஞ்சம் ஏத்தித்தான் சொல்லுவாங்க. ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பினாங்க. அந்த ரெண்டு நாளும் கலாமணி பெஞ்சுல உக்காந்தே தூங்கினா. நர்சம்மாகிட்ட எல்லாம் பேச்சு. கிளம்பும்போது அவங்க இவளைக் கட்டிப் பிடிச்சு அழுவறாங்க. சீக்காளி நானு.

ஜோத்பூர் போற ரயில் சாயங்காலம்தான். இவ காலையிலயே கிளம்பறேன்னா. ஸ்டேசன் முன்னால வெச்சு சாமானைப் பிரிச்சோம். என் துணி, என் ரெயின்கோட்டு, என் கேன்வாஸ் சேர், என் டம்பல்ஸ் எல்லாம் எடுத்ததும் அவ சைக்கிள் பாதியாயிருச்சு. என் சாமான் அவ்வளவு இருந்துச்சான்னு எனக்கே தெரியலைங்க. மேப்பைக் கொடுத்தேன், வேண்டாம்னுட்டா. கேட்டுக்கிட்டே போயிக்கறேன்னா.

"எதிர்க்காத்து அடிச்சா என்ன பண்ணுவே? யாரு முன்னால தாங்குவாங்க?"ன்னு கேட்டேன்.

"காத்து அடிச்சா மெதுவாப் போறேனுங்க."

"நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டே."

"நேரம்னு ஒண்ணும் வெச்சுக்கலைங்க."

நான் ஒவ்வொண்ணாச் சொன்னேன். டயர்ல காத்துப் பாரு, பிரேக்கைப் பாரு, இருட்டினா ஓட்டாதே, தண்ணி வெச்சுக்கோ. தண்ணி வெச்சுக்கோன்னதுக்கு மட்டும் என்னை ஒரு தரம் நிமிந்து பாத்தா. எல்லாத்துக்கும் சரிங்க, சரிங்கன்னா. அப்புறம் என் சட்டைக் காலரை இழுத்துச் சரி பண்ணி விட்டா. "சாப்பிட்டுக்கங்க. மாத்திரையை மறந்துராதீங்க"ன்னு சொல்லிட்டு சைக்கிள்ல ஏறினா. நேத்துங்க இது. ராத்திரி போன் வந்துச்சு, பெமாராம் வீட்டுலதான் இருக்கேன், நாளைக்கு மேக்கால போறேன்னா. குரல் நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பிட்டீங்களான்னு கேட்டா. சாப்பிட்டேன்னு சொன்னேன். சாப்பிடலைங்க. இந்த ரயில் சாப்பாடு என்னமோ இறங்க மாட்டேங்குது.

கிளம்பும்போது ஒண்ணு பண்ணினா, அதுதான் எனக்குப் புரியலை. நீங்களே சொல்லுங்க. ஸ்டேசன் ரோட்டுல நேராப் போயிட்டு இருக்கா. நான் பாத்துட்டே நிக்கறேன். கடைசியா அந்த முக்குத் திரும்பற இடத்துல, திரும்பிப் பாக்காமயே வலது கையை உசரத் தூக்கினா. கையை அப்படித் தூக்கினா நிக்கப் போறேன்னு அர்த்தம். பின்னால வர்றவங்களுக்குக் காட்டற சிக்னல். நான்தான் கிரவுண்டுல வெச்சுச் சொல்லிக் கொடுத்தேன். சரி, நிக்கப் போறா, எதையோ மறந்துட்டாப்பல இருக்குன்னு நானும் நாலெட்டு முன்னால போனேன்.

நிக்கலைங்க. கையைத் தூக்கினாப்பலயே முக்குத் திரும்பிப் போயிட்டா.

நானும் ரொம்ப நேரம் அங்கயே நின்னேன். சிக்னல் இன்னும் அவளுக்குச் சரியாப் படியலைன்னு நினைக்கறேன். ஊருக்கு வரட்டும், மறுபடி கிரவுண்டுல வெச்சுப் பழக்கணும்.